1937க்கு முன்பும் ஓடினார்கள்: என்.சி.ஏ.ஏ. புள்ளிவிவரப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புள்ளிவிவரப் பிரிவினருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் உங்கள் என்.சி.ஏ.ஏ.வில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் அதிகாரபூர்வக் கணக்கு இன்னமும் 1937இல்தான் தொடங்குகிறது. முறையான கணக்கெடுப்பு அப்போதுதான் வந்தது என்பது தெரியும். எழுதிவைக்க ஆளில்லாத காலத்தில் ஆடியது வில்லி ஹெஸ்டனின் குற்றமா?

1901 முதல் 1904 வரை அவர் மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் ஹாஃப்பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடுபவர். அந்த நான்கு பருவங்களில் அணிக்கு 43 வெற்றி, ஒரே ஒரு சமநிலை, தோல்வியே இல்லை. அவர் பெயரில் சொல்லப்படும் டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) 72. அத்தனையும் 'அதிகாரபூர்வமற்றது' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிப்போகிறது.

1902 ஜனவரி 1, பாசடேனா. ஸ்டான்ஃபோர்டை மிச்சிகன் 49-0 என்று வென்ற ஆட்டம். ஐந்து டச்டவுன் அடித்தவர் மிச்சிகனின் நீல் ஸ்னோ. ஹெஸ்டன் 18 முறை பந்தோடு ஓடி 170 யார்டு எடுத்தார். டச்டவுன் ஒன்றுகூட இல்லை. புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டால் அன்று அவர் களத்திலேயே இல்லை என்றாகிவிடும். ஆகவேதான் கேட்கிறோம்: 1937க்கு முந்தையவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும்.

பழையதையும் புதியதையும் கலக்கச் சொல்லவில்லை. கலந்தால் தப்பாகும். அன்று டச்டவுனுக்கு 5 புள்ளிதான். மொத்தப் புள்ளியை இன்றைய கணக்குப்படி ஆறால் வகுத்தால் கணக்கு உதைக்கும். மைதானத்தின் நீளம் 110 யார்டு, நடுக்கோடு 55இல். செய்தித்தாளில் வரும் '50 யார்டு கோடு' என்பதை இன்றுபோல் நடுக்கோடு என்று எடுத்தால் ஐந்து யார்டு பிசகும். பந்தைத் தக்கவைக்க மூன்று டவுனில், அதாவது மூன்று முயற்சியில், 5 யார்டு எடுத்தால் போதும். முன்னோக்கி எறிய அனுமதி இல்லை. உதையை வாங்கி ஓடியதையும் சாதாரண ஓட்டத்தையும் செய்தியாளர் ஒன்றாகக் கூட்டியிருந்தால் பிரித்தாக வேண்டும். இரண்டு நாளேடுகளின் ஆட்ட விவரம் ஒத்துப்போனால் மட்டும் எண்ணைப் பதியுங்கள். ஒத்துப்போகாத இடத்தை வெறுமையாக விடுங்கள். அந்தந்த ஆண்டின் விதியைப் பக்கத்தின் தலையில் போடுங்கள்.

1937க்குப் பின் வந்தவர்களுக்கும் முழு நியாயம் கிடைத்துவிடவில்லை. 2002க்கு முந்தைய பவுல் ஆட்டங்களை (பருவ முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டங்களை) நீங்கள் சேர்க்காததால், விஸ்கான்சினின் ரான் டேன் ஓடிய 7,125 யார்டு உங்கள் ஏட்டில் 6,397 ஆகிவிட்டது. எழுத ஆளிருந்தும் இந்தக் கதி!

கோபம் சற்று மிகுந்துவிட்டது, பொறுத்தருள்க. கோரிக்கை ஒன்றுதான்: 1937க்கு முந்தையவர்களுக்குத் தனிப் பிரிவு. அடுத்த பதிப்பிலேயே, அன்புகூர்ந்து, பாசடேனாவிலிருந்து தொடங்குங்கள். ஹெஸ்டன்: 18 ஓட்டம், 170 யார்டு, டச்டவுன் இல்லை.

இப்படிக்கு,
பழைய ஆட்டக் கணக்குகளைத் தொகுப்போர்