அட்டைக்காரன் ஏற்காட்டுக்கு எழுதுவது

அம்மாப்பேட்டை, சேலம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. காபித்தூள் அதற்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. நம் வீட்டில் இப்போது காலையில் எழுப்புவது அலாரம் இல்லை, அந்த வாசனைதான். வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடும் வேலை என்னுடையது. தினம் திட்டு வாங்குகிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மகன் கம்ப்யூட்டர் அனுப்பி ஒரு மாதமாகியும் துண்டு போட்டு மூடித்தான் வைத்திருக்கிறாய், எதையாவது அமுக்கிக் கெடுத்துவிடுவோமோ என்று பயம், அப்படித்தானே? முப்பத்து நான்கு வருஷம் எஸ்டேட்டில் செக்ரோல் என்ற ஆள் வருகை, கூலிப் பதிவேடு எழுதியவன், ஒரு ஆள் பேர் விட்டுப்போகாமல் கூலி போட்டவன், ஒரு தகரப் பெட்டியைப் பார்த்துப் பயப்படுகிறாயே! சிரித்தேன். ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. மகள் வாங்கிக் கொடுத்த பெட்டியை நானும் நாலு மாதம் சுற்றிச் சுற்றித்தான் வந்தேன்.

பயம் போனது எப்படி என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். தறியில் வடிவம் விழ ஓட்டை குத்தி மாட்டுவோமே, அந்த ஜக்கார்டு அட்டையால்தான் போனது. பள்ளிக்கூட நாளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அட்டை குத்திக்கொண்டிருப்பேனே, நீகூட அந்த அடுக்கை ஒருமுறை தட்டிவிட்டு என் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். அன்றைக்கு வைத்ததுதானே இந்த 'அட்டை' என்ற பேர். தறி மேலே பெட்டியில் அந்த அட்டை என்ன செய்யும்? ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி நின்ற இடத்தில் நிற்கும், கத்தி என்ற இரும்புப் பட்டை கொக்கியைத் தூக்கும்போது அந்தப் பாவு நூல், அதாவது நீளவாக்கு நூல், மேலே வரும். ஓட்டை இல்லையென்றால் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி கத்தியைவிட்டு விலகிவிடும், நூல் கீழேயே கிடக்கும். உண்டு, இல்லை. இந்த இரண்டே சொல்லில்தான் மயிலும் மாங்காயும் சேலைக் கரையில் விழுந்தன. கம்ப்யூட்டருக்கும் தெரிந்தது அந்த இரண்டு சொல்தான். ஒன்று, சுழி என்று எழுதுகிறார்கள், அவ்வளவே. ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804-இல் இந்தப் பெட்டியைச் செய்தார். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தன் கணக்கு இயந்திரத்துக்கு அதே அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரத்தை அவர் கட்டி முடிக்கவில்லை. அப்புறம் அமெரிக்காவில் 1890 ஜனத்தொகைக் கணக்கையே ஓட்டை போட்ட அட்டையில்தான் எண்ணினார்கள். ஆக, நம் திண்ணைக்கு இது தூரத்துச் சொந்தம்.

ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு உண்டு-இல்லை சேர்ந்தால் ஒரு பைட். கம்ப்யூட்டரில் எழுத்துக்கு எண் கொடுக்கும் இன்றைய யூனிகோடு முறையில் 'அம்மா' என்ற சொல்லை அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 3 பைட் கொடுக்கிறார்கள். மொத்தம் 15 பைட், அதாவது 120 இடம். எங்கள் 240 கொக்கி அட்டையில் கொக்கிக்கு ஒரு இடம், ஆக ஒரு அட்டையில் 'அம்மா' சரியாக இரண்டு தடவை! என் பெட்டியில் இருக்கும் 8 ஜிபி ராமை (ராம் என்ன என்று கீழே சொல்கிறேன்) அட்டையாகக் குத்த வேண்டுமென்றால் 28 கோடி அட்டைக்கு மேல் வேண்டும். அப்பா இருந்திருந்தால் கூலி எவ்வளவு என்று கேட்டிருப்பார்.

ராம் என்றால் என்ன, ஹார்ட் டிஸ்க் என்றால் என்ன என்று கேட்டிருந்தாய். உன் எஸ்டேட் ஆபீசையே எடுத்துக்கொள். மேசைமேல் விரித்து வைத்து எழுதுகிறாயே, அந்த மேசைதான் ராம். வேலை முடிந்து பீரோவில் வைத்துப் பூட்டுகிறாயே, அது ஹார்ட் டிஸ்க். இப்போது வருவது பெரும்பாலும் எஸ்எஸ்டி, உள்ளே சுழலும் தட்டு கிடையாது, வேகமும் அதிகம். மேசை பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு புத்தகம் விரிக்கலாம், அதற்காகத்தான் ராம் அதிகமாக வேண்டும் என்கிறார்கள். ஆனால் ஒன்று, கரண்ட் போனால் மேசைமேல் இருப்பது அத்தனையும் காலி. அதனால் பத்து வரி எழுதினால் ஒருமுறை பீரோவில் வை: கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு எஸ். தப்பாக எதையாவது செய்துவிட்டால் கன்ட்ரோலோடு இசட். நான் அட்டையில் ஒரு ஓட்டை தப்பாகக் குத்தினால் காகிதம் ஒட்டி, காயவைத்து, மறுபடி குத்த வேண்டும். இங்கே ஒரு தட்டு, பிழை காணோம். இந்த இரண்டும் தெரிந்த பிறகு எனக்கு விரல் நடுங்கவில்லை.

இன்னொன்று. அந்தப் பெட்டி முழுவதையும் எல்லோரும் சிபியு என்கிறார்கள். நிஜ சிபியு, அதாவது கணக்குப் போடும் சில்லு, உள்ளே மின்விசிறிக்கு அடியில், ஒரு சின்ன பிஸ்கட் அளவுக்கு உட்கார்ந்திருக்கிறது. கடையில் போய் 'சிபியு போச்சு' என்று மட்டும் சொல்லிவிடாதே, மாப்பிள்ளை, பெரிய பில் வரும். எனக்கு வரப் பார்த்தது. போன ஆடியில் ஒரு நாள் பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றுகிறது, பீப் பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றும் இல்லை. ஒரு கடையில், எல்லாப் பாகமும் செருகியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். மனசு கேட்காமல் திரும்பத் தூக்கி வந்துவிட்டேன். எதிர்வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பெண், பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, பெட்டியைத் திறந்து, ராம் பட்டையைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினாள். அவ்வளவுதான், திரை வந்துவிட்டது. செலவு ஒரு தட்டுவடை செட்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உன் ஊர் ஈரத்தில் இது சீக்கிரமே நடக்கும். பனி உள்ளே வரும் ஜன்னல் பக்கம் பெட்டியை வைக்காதே. துண்டு போட்டு மூடுவதும் ஓடாத நேரத்தில் மட்டும். ஓடும்போது மூடினால் சூடு வெளியே போகாது. சித்திரை, வைகாசி இடிக்கு மின்சார பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, இன்டர்நெட் கம்பியையும் கழற்றிவிடு. மின்னல் அந்த வழியாகவும் வரும். கரண்ட் போனாலும் பெட்டியை ஓட்டும் பேட்டரி, யூபிஎஸ் என்பார்கள், ஒன்று வாங்கிக்கொள். அது உட்கார்ந்து வேலை பார்க்க இல்லை, சேமித்து ஒழுங்காக அணைக்கக் கிடைக்கும் சில நிமிஷத்துக்கு. அப்புறம் அந்தப் பழைய குவார்ட்டர்ஸில் எர்த் (கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் கம்பி) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல். பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் எர்த் இல்லை என்று நினைத்துக்கொள். மூன்று கால் பிளக்கில் தடித்த, நீளமான கால் அதற்குத்தான். சாக்கெட்டில் போகவில்லை என்று அதை ஒடித்துவிடாதே. (நீ செய்வாய். ரேடியோவுக்குச் செய்தவன்தானே.)

மவுஸ் கைக்கு வர ஒரே வழி சீட்டாட்டம். உள்ளேயே இருக்கிறது, சீட்டை இழுத்து இழுத்துப் போட்டால் நாலு நாளில் கை படிந்துவிடும். கிளப்பில் ஆடுவதைவிட நல்லது, காசு போகாது. தமிழில் எழுத தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழகு. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். 'ம'வை இரண்டு தரம் தட்டினால் முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாக விழும். உன்னைப் போல் வேகமாக எழுதுகிறவனுக்கு ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவது எரிச்சலாக இருக்கும். பெட்டியை இயக்கும் மென்பொருள் விண்டோஸ் 10-ஆ, 11-ஆ என்று மட்டும் மகனிடம் கேள். 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. எவனாவது போன் பண்ணி 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், நான் சொல்வதை அமுக்குங்கள்' என்றால் பேசாமல் வைத்துவிடு. ஏமாந்து பணம் போனால் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடு.

நம் தெருவில் ஜக்கார்டுப் பெட்டி ஓடும் வீடு இப்போது இரண்டோ மூன்றோதான். வடிவம் வரைவதே கம்ப்யூட்டரில் என்றாகிவிட்டது. பெரிய தறிகளில் அட்டையே கிடையாதாம், பென் டிரைவைச் செருகினால் கரை விழுகிறதாம். என் பழைய அட்டைக் கட்டு ஒன்று பரணில் இருக்கிறது. எலி கடித்தது போக மாங்காய்க் கரை பாதி மிச்சம்.

அடுத்த வாரம் மழை விட்டால் காலை பஸ்ஸில் வருகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் என் வயிறு தாங்க வேண்டும், எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துவிட்டேன். ரப்பரும் எடுத்து வருகிறேன். அதற்குள் நீ துண்டை எடுத்து, பொத்தானை அமுக்கி, ஒரு ஆட்டம் சீட்டாவது ஆடியிருக்க வேண்டும்.

உன்,
அட்டை