எண்ணூர் கழியில் நிலாச் சவாரி: வற்றம் தெரியாமல் இறங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எண்ணூர் கழியில் நிலா வெளிச்சத்தில் சிறு படகில் போய்வருவது இனிமையாக இருக்கும் என்று உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. நல்ல நிலா வேண்டுமென்றால் பௌர்ணமி. ஆனால் பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டித்தான் கழியில் இழுப்பு, அதாவது நீரோட்டத்தின் வேகம், அதிகம். அந்த ஒரு வரி குறிப்பில் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

அந்த நாட்களில் சென்னைக் கடலில் தண்ணீர் உயரும் ஏற்றத்துக்கும் இறங்கும் வற்றத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கொசஸ்தலை ஆற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் ஏறி நின்ற தண்ணீர் அத்தனையும் சுமார் ஆறு மணி நேரத்தில் ஒரே வாய் வழியாகக் கடலுக்குப் போயாக வேண்டும். அதில் பாதி, மூன்றாவது நான்காவது மணி நேரத்திலேயே போய்விடும். அப்போது துடுப்பு போட்டு எதிரே ஏற முடியாது. கடலிலிருந்து வரும் அலை அந்த இழுப்பின் மேல் மோதி, முகத்துவாரத்தில் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும்பும். இருட்டில் அது கண்ணில் படும்போது படகின் முன்பகுதியான அணியம் அதற்குள் நுழைந்திருக்கும்.

துறைமுகத்துக்குக் கொடுக்கும் ஏற்ற, வற்ற நேரத்தை அப்படியே நம்பவும் கூடாது. கடலில் ஏற்றம் தொடங்கிய பிறகும் கழி கொஞ்ச நேரம் வெளியேதான் ஓடும். கொசஸ்தலை ஆற்றின் மேலே உள்ள பூண்டி நீர்த்தேக்கத்தில் உபரி நீர் திறந்துவிட்டால் ஏற்ற நேரத்திலும் மேல்தண்ணீர் கடலுக்கு இழுக்கும். அந்த வாரங்களில் இரவுப் பயணமே கூடாது.

அனல்மின் நிலைய விளக்குகளும் துறைமுக விளக்குகளும் உதவும் என்று நினைப்பது தவறு. அவற்றைப் பார்த்த கண்ணுக்கு வலைக் கம்பும் பாலத் தூணும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும்; ஒருமுறை செல்போனைத் திறந்தால் அது வீண். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டிக்கொள்ளுங்கள்.

தரைதட்டுவதுதான் அடிக்கடி நடப்பது. அனல்மின் நிலையச் சாம்பலும் மணலும் சேர்ந்து மேடிட்ட இடங்கள் பல. தட்டியதும் பலர் இஞ்சினை முறுக்குகிறார்கள். இஞ்சினின் விசிறி சேற்றை வாரியடிக்கும்; தண்ணீரில் குளிரும் இஞ்சினாக இருந்தால் அந்தக் கசடு உள்ளே போய் அடைத்து, சூடேறி நின்றுவிடும். உடனே இஞ்சினை நிறுத்தி விசிறியைத் தூக்குங்கள். ஆட்களை ஆழமான பக்கத்துக்கு நகர்த்தி, வந்த வழியே கோலால் பின்னுக்குத் தள்ளுங்கள். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடம்தான் வாய்ப்பு. வரவில்லையென்றால் நங்கூரம் போட்டு ஏற்றம் வரும்வரை படகிலேயே இருங்கள். இறங்கித் தள்ளவே கூடாது. சாம்பல் சேறு மேலே வழவழவென்று கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் முழங்கால்வரை போகும். உருவப் பார்த்தால் மற்ற காலும் புதையும்.

ஏற்றம் பாதி இருக்கும்போது கிளம்பி, அது முடிவதற்குள் திரும்பிவிட வேண்டும். தட்டினாலும் தண்ணீரே தூக்கிவிடும். உயிர்காப்புச் சட்டையைப் படகில் வைத்திருந்தால் போதாது, வார் பூட்டி உடம்பில் இருக்க வேண்டும். சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று, ஆழம் பார்க்க அடிக்கொரு கோடு போட்ட கோல் ஒன்று, ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது கயிறுள்ள நங்கூரம், இஞ்சினை அணைக்கும் கயிறு ஓட்டுபவர் மணிக்கட்டில். இதில் ஒன்று குறைந்தாலும் கரையிலேயே இருங்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபோது இருட்டுக்கூட இல்லை.

ராகு காலம், எமகண்டம், சூரிய உதயம் எல்லாம் தினமும் வெளியிடுகிறீர்கள். அதே கட்டத்தில் சென்னைத் துறைமுகத்தின் ஏற்ற, வற்ற நேரங்களையும் நான்கு எண்களாகப் போடுங்கள். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் காலையில் அதைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள்.

இப்படிக்கு,
வாசகர், நெட்டுக்குப்பம், எண்ணூர்