டீலர் சங்கத்தில் இருக்கட்டும், ஏலத்தை நடத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாணயம் சேகரிப்போர் சங்கங்களில் டீலர்களை, அதாவது பழங்காசு வாங்கி விற்கும் வியாபாரிகளை, உறுப்பினராகச் சேர்க்கவே கூடாது என்று தருமபுரி வாசகர் ஒருவர் சென்ற இதழில் எழுதியிருந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லும் வழியில் போனால் நஷ்டம் நமக்குத்தான்.

இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் அடங்கிய எங்கள் பாராமகால் பகுதி 1792 வரை திப்பு சுல்தான் வசம் இருந்தது. அவருடைய செப்பு யானைக் காசு இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்றும் தலைகாட்டுகிறது. வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ அது பித்தளை அண்டாவோடு சேர்ந்து பாத்திரக் கடைக்குப் போய், செம்பு விலைக்கு எடை போடப்படும். அந்தக் கடைகளுக்கு வாரம் தவறாமல் போய், அழுக்குக் குவியலில் கைவிட்டுப் பொறுக்கி எடுப்பவர் டீலர்தான். வேலைக்குப் போய் மாதச் சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்களால் அது ஆகாது. அவர் எடுக்காமல் விட்டவை உருக்குக்குப் போயிருக்கும்.

அப்புறம், போலியைக் கண்டுபிடிக்கும் பழக்கமும் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆறாம் ஜார்ஜ் காலத்து 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரிதானது, அதனாலேயே அதற்குப் போலிகளும் அதிகம். எடை 11.66 கிராம் இருக்க வேண்டும் என்பது நமக்கும் தெரியும். ஆனால் அச்சில் வார்த்த போலியைக் காட்டிக்கொடுக்கும் வார்ப்புக் கோடு விளிம்பில் இருக்கிறதா, பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள் இருக்கின்றனவா என்று ஒரு பார்வையில் சொல்ல ஆயிரக்கணக்கான காசுகள் கையில் புரண்டிருக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் ராமர் படம் போட்டு வெளியிட்டதாகச் சொல்லி ஒரு 'அரை அணா'வை இன்றும் சந்தைகளில் விற்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. இதைப் புதியவர்களுக்குச் சங்கத்தில் முதலில் எடுத்துச் சொன்னவர்கள் டீலர்களே. அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் அதிசய சக்தி கொண்ட காசு என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றும் கும்பல்களைப் பற்றி எச்சரித்தவர்களும் அவர்கள்தான். பழைய காசு, நோட்டு விற்றுத் தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் அறிவித்த பிறகும் அந்த ஏமாற்று வேலை நிற்கவில்லை.

சரி, குறை எங்கே இருக்கிறது? நான் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்தில், காலமான தன் கணவர் சேர்த்த ஆல்பங்களோடு ஓர் அம்மா கூட்டத்துக்கு வந்தார். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் செயலாளரிடம் கொடுத்தார். செயலாளர் தொழில்முறை டீலர். புரட்டிப் பார்த்தார், ஒரு தொகை சொன்னார், அதே மேசையில் அதே தொகைக்குத் தானே வாங்கிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேகரிப்பாளர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கைம்பெண் கொண்டுவந்த ஆல்பத்துக்கு விலை சொன்னவரே அதை வாங்கும் இடத்தைச் சங்கம் என்று எப்படிச் சொல்வது? அவர் கடையில் இது நடந்திருந்தால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். அந்த அம்மா நம்பி வந்தது சங்கத்தை.

மாத ஏலத்திலும் இதே கதைதான். லாட் (ஏலத்துக்கு வரும் காசுத் தொகுதி) எழுதுபவரும், தரம் சொல்பவரும், ஏலம் கூறுபவரும் ஒருவரே. அதில் பாதி லாட் அவருடையது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். இருந்தாலும் மற்றவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

டீலர்களை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. "நான் டீலர் இல்லை சார், கையில் கூடுதலாக இருப்பதைத் தருகிறேன்" என்று மாதாமாதம் தட்டு விரித்து விற்கும் சேகரிப்பாளர்களை எல்லாச் சங்கத்திலும் பார்க்கிறோம். அவர்கள் பில் தருவதில்லை, போலி என்று தெரிந்தால் திரும்ப எடுப்பதும் இல்லை. கடையும் பெயரும் வைத்திருக்கும் டீலர் அதற்காகவாவது பயப்படுவார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசும் தொல்பொருளே, அதை வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும். இது தெரியாமலே பலர் யானைக் காசு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். கிணறு வெட்டும்போது கிடைத்தது என்று யாராவது துணியில் முடிந்து கொண்டுவந்தால், பேரம் பேச உட்காராமல் அவரை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பூமியில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்லும் சட்டம் 1878இலிருந்தே இருக்கிறது.

சேகரிப்பாளரின் உண்மையான வேலை வேறொன்று இருக்கிறது, அதைத்தான் நாம் செய்யாமல் இருக்கிறோம். கரூர் அமராவதி ஆற்று மணலில் மாக்கோதை, கொல்லிப்புறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் கிடைத்தன. அவை கைமாறி வந்தபோது, அவற்றின் எழுத்தைப் படித்து, எடை குறித்து, படத்தோடு வெளியிட்டவர்கள் இருந்ததால்தான் அவை சங்ககால வரலாற்றுக்குச் சான்றாயின. அதியமான் ஆண்ட தகடூர் (இன்றைய தருமபுரி) மண்ணில் ஒரு பழங்காசு வந்தால், எந்த ஊரில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்பது அதன் பாதி மதிப்பு. தொழில் ரகசியம் என்று டீலர் அந்த ஊர்ப்பெயரை வெளியே சொல்வதில்லை. அவரிடம் விலையைக் கேட்கும் நாம் ஊரைக் கேட்பதில்லை. அமராவதிக் காசுகளை ஆராய்ந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் நமக்கு வழிகாட்டிச் சென்றிருக்கும்போது, ஒரு பதிவேடு வைத்து எடை, அளவு, கிடைத்த ஊர் எழுத என்ன தடை? ஆண்டுக்கொருமுறை அதன் நகலைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம்.

ஆகவே இரு மாவட்டச் சங்கங்களுக்கும் நான் வைக்கும் கோரிக்கை இது. டீலர் உறுப்பினராகட்டும், வகுப்பெடுக்கட்டும், மேசை போட்டு விற்கட்டும். செயலாளர் பதவியும் ஏலப் பொறுப்பும் மட்டும் விற்பனையில் ஈடுபடாதவரிடம் இருக்க வேண்டும். வெளியார் கொண்டுவரும் தொகுப்புக்கு இரண்டு பேர் தனித்தனியே எழுத்தில் மதிப்புச் சொல்ல வேண்டும், அந்த இருவரும் அன்றைக்கு அதை வாங்கக் கூடாது. விற்பவர் யாராக இருந்தாலும் பில் தர வேண்டும், போலி என்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். கூட்டத்தில் மாணவர்களுக்காகப் போடும் மேசையில் விற்பனையே வேண்டாம். அங்கே வைக்க 1957 முதல் வெளிவந்த நயா பைசாக்களைக் கை நிறைய இலவசமாகத் தர எனக்குத் தெரிந்த இரண்டு டீலர்கள் இப்போதே தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு காசு சேகரிப்பாளர்,
கிருஷ்ணகிரி