பழைய சீனக் கருவிகளை எப்போது கழற்றப் போகிறோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சீனத் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு நம் நாட்டில் கதவை அடைத்தாகிவிட்டது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதிதான் உண்மை. 2020 ஜூனில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்த பிறகு பிஎஸ்என்எல் 4ஜி டெண்டர் ரத்தானது, டிசம்பரில் மத்திய அமைச்சரவைக் குழு ஒரு பாதுகாப்பு உத்தரவுக்கு ஒப்புதல் தந்தது, 2021 ஜூன் 15 முதல் நம்பகமானவர் என்று அரசு ஏற்றவரிடம் வாங்கிய கருவிகளை மட்டுமே புதிதாக இணைக்க முடியும். நல்ல முடிவு. ஆனால் ஏற்கெனவே மாட்டியிருந்த கருவிகளை அந்த உத்தரவு கழற்றச் சொல்லவில்லை, அவற்றின் பராமரிப்பு ஒப்பந்தமும் அப்டேட்டும் அப்படியே தொடரலாம் என்று விட்டுவிட்டது. வேவு பார்ப்பார்களோ என்ற பயமே அந்த அப்டேட்டில்தானே? பெட்டி வரும்போது சுத்தமாக இருக்கலாம், நாளைக்கு அதற்குள் போகும் சாஃப்ட்வேரை யார் பார்க்கிறார்கள்?

சீனக் கம்பெனியான ஹுவாவேயின் 5ஜி கருவிகளைக் கழற்ற பிரிட்டன் 2027 இறுதி என்று கெடு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் சிறிய கம்பெனிகள் சீனக் கருவிகளைக் கழற்றி மாற்றுவதற்கு ஒதுக்கிய 190 கோடி டாலர் போதாமல் 2024 டிசம்பரில் இன்னும் சுமார் 300 கோடிக்கு வழி செய்தார்கள். செலவு பெரியதுதான், கடனில் இருக்கும் கம்பெனியால் தனியாகத் தாங்க முடியாது, அரசு தோள் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நம்மிடம் ஒரு தேதியாவது வேண்டாமா?

அப்புறம், சீனா இல்லை என்றால் ஆபத்து இல்லை என்ற நினைப்பும் தப்பு. 2004-05இல் கிரீஸ் பிரதமர் கரமன்லிஸ் உட்பட 100 பேருக்கு மேற்பட்டவர்களின் செல்போன்களை மாதக்கணக்கில் யாரோ ஒட்டுக்கேட்டார்கள். அந்த வோடஃபோன் நெட்வொர்க்கில் இருந்தது சுவீடனின் எரிக்சன் கம்பெனி செய்த, அழைப்புகளை இணைக்கும் ஸ்விட்ச். போலீஸ் கேட்டால் சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று சாஃப்ட்வேரிலேயே வைத்திருந்த வசதியைத்தான் திருட்டுத்தனமாக இயக்கியிருந்தார்கள். எஸ்எம்எஸ் போய்ச் சேராமல் தகராறு வந்ததால்தான் விஷயமே வெளியே வந்தது. 2024இல் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி, வெரைசன் போன்ற பெரிய கம்பெனிகளுக்குள் சீன ஹேக்கர்கள் புகுந்ததும் ஹுவாவே பெட்டி வழியாக அல்ல, அங்கேயும் அவர்கள் கை வைத்த இடங்களில் ஒன்று நீதிமன்ற உத்தரவுப்படி ஒட்டுக்கேட்கும் அமைப்பு. இந்த வசதி நம் நாட்டு நெட்வொர்க் ஒவ்வொன்றிலும் சட்டப்படியே இருக்கிறது. அதைக் காப்பது யார், தணிக்கை செய்வது யார் என்று பொதுவெளியில் ஒருவரும் பேசுவதில்லை, எனக்கு உண்மையாகவே கவலை தருவது இதுதான்.

2025 செப்டம்பரில் பிஎஸ்என்எல்லின் சுதேசி 4ஜி நாடு முழுக்கத் தொடங்கியது. அரசு ஆய்வு நிறுவனமான சி-டாட்டின் கோர் (நெட்வொர்க்கின் மையப் பகுதி), தேஜஸ் கம்பெனியின் ரேடியோ (டவர் கருவி), டிசிஎஸ்ஸின் ஒருங்கிணைப்பு. மனதாரச் சந்தோஷப்பட்டேன். இந்தச் சுதேசி 4ஜிக்காகக் காத்திருந்த காலத்தில் பிஎஸ்என்எல் எத்தனையோ வாடிக்கையாளர்களை இழந்தது, அந்த விலையைக் கொடுத்துக் கிடைத்தது இது. ஆனால் நம் ஆட்கள் எழுதிய சாஃப்ட்வேரிலும் ஓட்டை இருக்கும், அதையும் அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும்.

நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்க வேண்டும்: ஒவ்வொரு தனியார் நெட்வொர்க்கிலும் இன்னும் எத்தனை சீனக் கருவிகள் ஓடுகின்றன, எல்லையோர மாவட்டங்களில் எத்தனை, வெளிநாட்டிலிருந்து அவற்றுக்குள் லாகின் செய்ய யாருக்கெல்லாம் அனுமதி, கழற்றக் கடைசித் தேதி எது. உங்கள் டெல்லி நிருபரும் தொலைத்தொடர்புத் துறையிடம் இவற்றைக் கேட்டு, வரும் பதிலை அப்படியே வெளியிட்டால் நன்றியோடு படிப்பேன்.

இப்படிக்கு,
சென்னை வாசகர் ஒருவர்