அந்த முன்பின் தெரியாத ஆள் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வாழ்த்து அட்டைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடையில் வாங்கும் கார்டில் இருப்பது இரவல் உணர்ச்சி, முன்பின் தெரியாத யாரோ மாதச் சம்பளத்துக்கு எழுதியது, அதன் கீழே பெயரை மட்டும் போட்டு அனுப்புவது சோம்பேறித்தனம் என்று கட்டுரையாளர் கடிந்துகொண்டிருந்தார். அந்த முன்பின் தெரியாத ஆள் நான்தான். வாழ்த்து அட்டை நிறுவனம் ஒன்றில் பல வருடங்களாக வரி எழுதுகிறேன். இப்போது மற்றவர்கள் எழுதுவதைத் திருத்தவும் செய்கிறேன். சம்பளம் வாங்குவது உண்மைதான். மற்றதற்குப் பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

சோம்பேறித்தனம் என்ற குற்றச்சாட்டு இந்தத் தொழிலோடு கூடப் பிறந்தது. லண்டனில் 1843-இல் ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸ் அட்டை ஒன்றை அச்சடித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான் என்பார்கள். ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பலாம் என்று 1840-இல் வந்த அஞ்சல் சீர்திருத்தத்துக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். தபால் மலிவானதும் ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள்; வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத கோலுக்கே நேரமில்லாமல் போனது. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் பிடித்து ஒரு படம் வரையச் சொன்னார். பெறுபவர் பெயருக்கு ஒரு கோடு, அனுப்புபவர் பெயருக்கு ஒரு கோடு, நடுவே அச்சிட்ட வாழ்த்து. ஆயிரம் பிரதிகள் போட்டார்கள். படத்தில் குடும்பத்தோடு மது அருந்தும் காட்சியில் ஒரு குழந்தைக்கும் கோப்பையை நீட்டுகிறார்கள், மதுவிலக்குக்காரர்கள் விடுவார்களா? முதல் அட்டைக்கே கண்டனம் எழுந்தது. அன்றிலிருந்து எங்களுக்கு அது பழகிப்போயிற்று.

கோலிடம் அன்பு இல்லாமல் இல்லை, நேரம்தான் இல்லை. இன்றைக்குக் கார்டு வாங்குகிறவர்களிலும் பாதிப் பேர் அந்த ரகம். மீதிப் பேருக்கு நேரம் இருக்கிறது, வார்த்தை வருவதில்லை. அவர்களுக்காகத்தான் என் வேலை.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். எங்களுக்கு முதலில் வருவது கவிதைப் பொருள் அல்ல, ஒரு சீட்டு. யார், யாருக்கு, எதற்காக அனுப்புகிறார் என்று மட்டும் அதில் இருக்கும். "வளர்ந்த பிள்ளை, அம்மாவுக்கு, பிறந்தநாள், சிரிப்பு வேண்டாம்" என்பது போல. நாங்கள் எழுதிக் கொடுத்த வரிகளை வாராந்திர மீட்டிங்கில் ஒருவர் படிப்பார். எழுதியவர் பெயர் சொல்ல மாட்டார். ஏற்ற இறக்கம் இல்லாமல், கணக்கு ஒப்பிப்பது போல வேண்டுமென்றே தட்டையாகப் படிப்பார். குரலால் ஒரு வரி தேறிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. படித்து முடித்ததும் ஒரே கேள்விதான்: "இதை யார் வாங்குவார்?" "நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அந்த வரி பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். நன்றாக இருப்பது எழுதியவருக்குச் சொந்தம். வாங்குகிறவருக்குப் பயன்பட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அம்மா கார்டுக்கு இப்படி எழுதியிருந்தான்: "நீ தைத்துக் கொடுத்த நீலச் சட்டையை இன்னும் நான் தூக்கிப் போடவில்லை." அறை ஒரு கணம் அமைதியானது. பிறகு வழக்கமான கேள்வி வந்தது. நீலச் சட்டை தைத்துக் கொடுத்த அம்மா எத்தனை பேருக்கு? தைக்கவே தெரியாத அம்மாவின் பிள்ளை இதை எப்படி அனுப்புவான்? சட்டையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தோம். அந்தச் சட்டைக்குப் பின்னால் இருந்தது அம்மா சொல்லிக்காட்டாமல் செய்தது. மதியத்துக்குள் அவனே வேறு வரி கொண்டுவந்தான்: "நீ எனக்காகச் செய்ததில் பாதி எனக்குத் தெரியாமலே நடந்தது."

அதுவும் உடனே அச்சுக்குப் போகவில்லை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு உள்ள தலைவலி இது. அம்மாவை "நீ" என்கிறவர்களும் இருக்கிறார்கள், "நீங்கள்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்பா, அண்ணி, கணவர் என்று போகப்போகச் சிக்கல் கூடும். ஒன்றைப் போட்டால் மற்றவர் கார்டை அப்படியே வைத்துவிட்டுப் போவார். அந்தச் சொல்லை வெட்டினாலும் வினைமுற்று காட்டிக்கொடுக்கும்: "இருக்கிறாய்", "இருக்கிறீர்கள்". அதனால் கேட்பவரை எழுவாயாக வைக்காமல் வாக்கியத்தைத் திருப்ப வேண்டும். கடைசியில் அச்சானது: "அம்மா, எனக்காகச் செய்ததில் பாதி எனக்குத் தெரியாமலே நடந்தது." கேட்க எளிமையாக இருக்கும். அந்த எளிமைக்கு ஒரு பகல் போயிற்று.

நீலச் சட்டை எங்கே போயிற்று என்று கேட்கலாம். கார்டைத் திறந்தால் அச்சிட்ட வரி வலப்பக்கத்தில் இருக்கும், இடப்பக்கம் வெறுமையாக இருக்கும். பணம் மிச்சம் பிடிக்க விட்டது என்று கட்டுரையாளர் கிண்டலடித்த அந்த வெள்ளைப் பக்கம் சட்டைக்கான இடம். சட்டை இருப்பவர் சட்டையை எழுதுவார், வேறொன்று இருப்பவர் அதை எழுதுவார். எங்கள் வரி கொஞ்சம் பொதுவாக, கொஞ்சம் ஆறிப்போனது போல இருப்பது அதனால்தான். நாங்களே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் வாங்குகிறவர் பேனாவை எடுக்கவே மாட்டார்.

ஓவியர்களின் பாடு வேறு. கடை ரேக்கில் கார்டுகள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்பதால் பெரும்பாலானவற்றின் மேல் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணுக்குத் தெரியும். "அம்மாவுக்கு" என்ற சொல் அங்கே இருந்தாக வேண்டும். பறவை கீழே உட்கார்ந்து மேலே வானம் விரிந்திருக்கட்டும் என்று ஆசைப்பட்டு வரைந்தவர், அந்த வானத்தில் நாங்கள் எழுத்தை நிரப்புவதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். அமெரிக்காவில் முன்பெல்லாம் கார்டுகளை இழுப்பறைக்குள் வைத்திருப்பார்கள், கடைக்காரர் எடுத்துக் காட்டினால்தான் உண்டு. 1930களில் ஹால்மார்க் என்ற வாழ்த்து அட்டை நிறுவனம் திறந்த ரேக்குகளைக் கொண்டுவந்தது. ஆட்கள் தாமே எடுத்து, திறந்து, படித்து, திரும்ப வைக்கத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால் கார்டின் வரலாற்றில் அதுதான் பெரிய மாற்றம். 1994-இல் வந்த, இணையத்தில் அனுப்பும் மின் அட்டைகூட அதற்கு அடுத்துதான்.

புத்தாண்டு வரிகளை ஒரு வருடத்துக்கும் முன்பே எழுத ஆரம்பிப்பதும், மினுமினுப்புத் தூள் தலையிலும் சாப்பாட்டு டப்பாவிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருவதும் சின்ன விஷயங்கள். விடுகிறேன்.

ரேக் பக்கத்தில் போய் நிற்பதும் எங்கள் வேலையில் சேர்த்திதான். யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது, பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிறந்தநாள் பக்கம் நிற்கிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். இரங்கல் பக்கம் நிற்கிறவர்கள் படத்தைப் பார்ப்பதே இல்லை, நேராகத் திறந்து படிப்பார்கள். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அங்கிருந்த கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்தார். உதடு அசைந்தது. அந்த வரி தன் வாயில் நிற்குமா என்று சொல்லிப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. நாலு வரிக் கவிதை போட்டிருந்ததையெல்லாம் வைத்துவிட்டார். "என்ன சொல்வதென்று தெரியவில்லை. நினைத்துக்கொண்டே இருக்கிறேன்" என்று மட்டும் இருந்ததை எடுத்துக்கொண்டு போனார். இரங்கல் வரிகளைத் திருத்தும்போது அந்த உதடுகள்தான் என் அளவுகோல்.

இந்தப் பிரிவில் செய்யக் கூடாதவைதான் அதிகம். இறந்தவர் நல்ல இடத்துக்குப் போய்விட்டார் என்று எழுத மாட்டோம்; அதை நம்பாதவர் வீட்டுக்கும் கார்டு போகும். காலம் ஆற்றும் என்று எழுத மாட்டோம். ஆறவில்லையென்றால் அது அவர் குற்றம் போலாகிவிடும். அனுப்புகிறவர் இறந்தவரைப் பார்த்தே இராதவராக இருக்கலாம் என்பதால் "அவருடைய புன்னகை" என்ற பேச்சே கிடையாது. இத்தனையும் போனபின் மிஞ்சுவதில் ஒரு வாக்கியம் அமைய வேண்டும்.

நோய்வாய்ப்பட்டவர்களுக்கான கார்டு இன்னும் கஷ்டம். சீக்கிரம் குணமாகிவிடும் என்று உறுதி கொடுப்பதுதான் வெகுகாலம் வழக்கம். குணமாகாது என்று தெரிந்தவர் கையில் அந்தக் கார்டு போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் எமிலி மெக்டவல் என்ற வடிவமைப்பாளர் 2015-இல் இதற்கென்றே ஒரு வரிசை கார்டுகளைக் கொண்டுவந்தார். அவருக்கு 24 வயதில் நிணநீர்ப் புற்றுநோய் வந்திருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமலே நெருங்கிய பலர் ஒதுங்கிப் போனார்கள். சிகிச்சையைவிட அந்தத் தனிமைதான் கடினமாக இருந்தது என்று பின்னர் பேசியிருக்கிறார். கார்டு இல்லாவிட்டால் ஜனங்கள் தாமாகக் கடிதம் எழுதிவிடுவார்கள் என்று கட்டுரையாளர் நினைக்கிறார். நான் பார்த்த வரையில் எழுத மாட்டார்கள். போன் பண்ணலாமா என்று யோசிப்பார்கள், நாளைக்குப் பண்ணலாம் என்பார்கள், நாள் ஓடிவிடும், பிறகு இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு பேசுவது என்று விட்டுவிடுவார்கள்.

கட்டுரையில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. மோசமான கார்டுகள் நிறையவே இருக்கின்றன. எதுகைக்காக "பூவே, தீவே" என்று நிரப்பியவை, வயதானதைக் குத்திக்காட்டும் பிறந்தநாள் நகைச்சுவைகள். பின்னது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதுதான் நன்றாகப் போகிறது. பழைய வரியைக் கிடங்கிலிருந்து எடுத்துப் புதுப் படத்தோடு விடுவதும் உண்டு. விற்ற வரி மறுபடி விற்கும் என்பது மேலிடத்தின் கணக்கு, அது தப்புவதும் குறைவு.

ஆனால் பெரிய எழுத்தாளர் யாரும் இதைத் தொட மாட்டார் என்றது சரியில்லை. அமெரிக்கக் கவிஞர் மாயா ஏஞ்சலோ 2002-இல் ஹால்மார்க்குக்காக எழுதினார். அது அவர் தகுதிக்குக் குறைவு என்று வேண்டியவர்களே தடுத்தார்கள். புத்தகமே வாங்காதவர்கள் கைக்கும் தன் எழுத்து போகட்டும் என்று அவர் நினைத்தார். பக்கக் கணக்கில் எழுதி அதை ஓரிரு வாக்கியமாகக் குறைத்துக் கொடுத்தாராம். அந்தக் குறைக்கிற வேலை என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

இனி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே எழுதிவிடும் என்று கட்டுரை முடிந்திருந்தது. எழுதத்தான் செய்கிறது. அதன் வரிகளும் எங்கள் மீட்டிங்கில் மற்றவற்றோடு கலந்து, பெயர் சொல்லாமல் படிக்கப்படுகின்றன. பெரும்பாலும் "அன்பின் ஒளி", "வாழ்வின் பயணம்" என்று போய் விழுந்துவிடும். எப்போதாவது ஒன்று தேறும். தேறினால் எரிச்சலோடு கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்புகிறேன். வேறென்ன செய்வது?

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இரங்கல் கார்டு அனுப்பினால் வெள்ளைப் பக்கத்தில் இறந்தவரின் பெயரை எழுதுங்கள். "உங்கள் அப்பா" என்று போடாமல், அவர் பெயரையே. அதை எங்களால் அச்சிட முடியாது.

இப்படிக்கு,
கார்டுக்கு வரி எழுதும் வாசகி

பி.கு.: கட்டுரையோடு வெளியிட்ட படத்தில் இருக்கும் கறுப்பு நிறக் கார்டின் மடிப்பைப் பாருங்கள். மை வெடித்து உள்ளேயிருக்கும் வெள்ளை தெரிகிறது. தாளின் இழை ஓடும் திசையைக் கவனிக்காமல் குறுக்கே மடித்தால் கெட்டித் தாளில் அப்படித்தான் ஆகும், அதுவும் அடர்ந்த நிறத்தில் மறைக்கவே முடியாது. எந்த நிறுவனத்துடையது என்று தெரியவில்லை. எங்களுடையது இல்லை.