பதினாறாம் மாதம், நான்கு அடி

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

பதினான்கு மாதமாகியும் பேரன் நடக்கவில்லை, கைபேசிச் செயலி சிவப்புக் குறி காட்டுகிறது என்று நேற்றிரவு நீ அழுததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. விடிந்ததும் அலுமாரியைத் திறந்து உன் கிளினிக் அட்டையைத் தேடி எடுத்தேன். நிறைக் கோட்டுக்கு மேலே, ஓரத்தில், என் பென்சில் எழுத்து: "16 மாதம். கதிரையிலிருந்து ஜன்னல்வரை நான்கு அடி." நீயும் சுணங்கித்தான் நடந்தாய், பிள்ளை. கோயிலுக்குப் போனால்கூட யாராவது கேட்டு என்னை வாட்டுவார்கள். வீட்டுக்கு வந்த மருத்துவமாதுதான், திகதி போட்டு எழுதிவையுங்கள் என்று சொல்லித் தந்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சுகமாக வளர்ந்த பிள்ளைகளே 8 மாதத்திலிருந்து ஏறக்குறைய 18 மாதம்வரை முன்பின்னாகத்தான் தனியே நடந்திருக்கிறார்கள். தவழாமலே நடந்தவர்களும் உண்டு. அதோடு உன் பிள்ளை ஐந்து வாரம் முந்திப் பிறந்தவன். இரண்டு வயதுவரை அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அப்படியென்றால் அவனுக்குப் பதின்மூன்று மாதம்கூட ஆகவில்லை. செயலியில் பிறந்த திகதியை மட்டும் கொடுத்திருப்பாய்.

அதற்காகக் கவனிக்காமல் இரு என்று சொல்லவில்லை. ஒரு கொப்பி வாங்கு. கண்ணால் கண்டதை மட்டும் எழுது. "நன்றாக விளையாடினான்" என்றால் எவருக்கும் எதுவும் விளங்காது. "ஒரு சோற்றுப் பருக்கையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து எடுத்தான்" என்று எழுது. சொற்களை எண்ணும்போது தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே எண்ணு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் காட்டுகிறானா? நடையைவிட எனக்கு இவைதான் பெரிது. நேற்றுவரை செய்ததை விட்டுவிட்டாலோ, சொன்ன சொல்லை இழந்தாலோ, ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியரிடம் கொப்பியோடு போ.

வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய வீடியோவை மூன்று தரம் பார்த்தேன். பந்தை ஒவ்வொரு முறையும் வலக்கையால்தான் எடுக்கிறான். இடப்பக்கம் சோபா நெருக்கியதாலும் இருக்கலாம். ஆனால் இந்த வயதில் இரண்டு கையும் ஒன்றுபோல ஓட வேண்டும். பந்தை அவனுடைய இடப்பக்கம் உருட்டிவிட்டு, எந்தக் கையை நீட்டுகிறான் என்று பார்த்து இன்றிரவே எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா