நம்பர் சொல்லிக் கூப்பிட்ட மிஸ்ஸிக்கும் மற்ற எல்லோருக்கும்

திருநங்கையான எங்கள் தங்கச்சியின் பாலின அங்கீகாரச் சான்றிதழில் டொக்டரின் கையெழுத்து விழுந்துவிட்டது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுதவில்லை. மனசு இன்னும் படபடத்துக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் நன்றி உளநல கிளினிக் வாசலில் கொப்பிகளை அடுக்கும் மிஸ்ஸிக்கு. கொப்பியில் இருப்பது பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர். அதைச் சத்தமாகக் கூப்பிட்டால், வாங்கில் இருக்கிற அத்தனை கண்களும் எழும்பி வருகிற திருநங்கையின் மேல்தான். மட்டக்களப்பில் எந்த வாங்கிலும் ஒரு சொந்தக்காரரோ அயலவரோ இருப்பார். அதற்குப் பயந்தே பலர் எழும்பாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள், அடுத்த தவணைக்கும் வருவதில்லை. சான்றிதழுக்காக டொக்டர் செய்யும் மதிப்பீடோ ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. இடையில் விட்டவர் பிறகு வேறொரு டொக்டரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

அந்த மிஸ்ஸி, யாரும் கேட்காமலே, நம்பர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினா. தங்கச்சியை மட்டுமல்ல, வாங்கில் இருந்த எல்லோரையும். ஒருவரை மட்டும் நம்பரால் கூப்பிட்டிருந்தால் அதுவே காட்டிக்கொடுத்திருக்கும், அதையும் யோசித்திருக்கிறா. பிறகு கொப்பி அட்டையின் உள்பக்கத்தில் தங்கச்சி சொன்ன பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டா. உள்ளே டொக்டர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசத் தொடங்கினார். ஒரு சதமும் செலவில்லாத இந்த முறையைக் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் அம்பாறையிலும் உள்ள கிளினிக்குகள் நாளைக்கே தொடங்கலாம். தயவுசெய்து தொடங்குங்கள்.

பிரதேச செயலகத்தின் உளவளத்துணை அக்காவுக்கும் நன்றி. "என்னோட எவ்வளவும் கதைக்கலாம், ஆனா கையெழுத்து உளநல வைத்திய நிபுணர்தான் வைக்கணும்" என்று முதல் நாளே சொன்னா. 2016ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கையின்படி அந்த நிபுணர் தருகிற பாலின அங்கீகாரச் சான்றிதழை வைத்துத்தான் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புப் பதிவைத் திருத்துவது, அதன் பிறகுதான் அடையாள அட்டை. இந்த ஒழுங்கு தெரியாமல் தனியார் ஆலோசகர்களிடம் காசைக் கரைத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

சிங்களத்தில் மொழிபெயர்க்க வந்த ஐயாவுக்கு நன்றி. இந்த வேலைக்கு அம்மாவையோ அண்ணாவையோ கூட்டிப் போகாதீர்கள். அவர்கள் முன்னால் பிள்ளை பாதியைத்தான் சொல்லும், அந்தப் பாதியையும் அவர்கள் வெட்கப்பட்டுச் சுருக்கிவிடுவார்கள்.

இனி டொக்டரைத் தேடப் போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே கேட்டுப் பாருங்கள்: அந்தச் சுற்றறிக்கை தெரியுமா, எந்தப் பெயரில் கூப்பிடுவார், வயது வந்தவரிடமும் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்வாரா. "கதைத்து மாற்றிவிடலாம்" என்பவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பிலிருந்து, திருநராக இருப்பது உளநோய்ப் பட்டியலிலேயே இல்லை. டொக்டர்மார் இடமாற்றமாகிப் போவார்கள், ஆகவே ஒவ்வொரு தவணையும் கதைத்ததைக் கோப்பில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

பஸ் காசு தந்தவர்கள், சோறு கட்டித் தந்தவர்கள், இரவில் போனை எடுத்தவர்கள், எல்லோருக்கும் நன்றி.

இனி வாகரையிலிருந்து பொத்துவில் வரை யார் முதல் நாள் கிளினிக்குக்குப் போனாலும், அவர் விரும்பினால், எங்களில் ஒருவர் கூட வருவோம். வாங்கில் பக்கத்தில் இருப்போம். உள்ளே அவர் தனியாகத்தான் போவார்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கும் திருநர் நண்பர்கள்